சேலத்தில் சனி, ஞாயிறு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையிலும் பெங்களூரிலும் இருக்கும் சொந்தபந்தங்கள், "இந்த வாரக் கடைசியில் சேலம் வருகிறோம், பழைய இடங்களாக என்ன பார்க்கலாம்?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்வதற்குப் பதிலாக எல்லாவற்றையும் இங்கே எழுதிவிட்டேன். எனக்குப் பிடித்த இடத்தைப் பற்றி நீட்டி முழக்கியிருப்பேன். பிடிக்காததை இரண்டு வரியில் முடித்திருப்பேன்.

சேலம் ஏற்காட்டுக்குப் பஸ் மாறும் ஊர்தானே? அங்கே பார்க்க என்ன இருக்கிறது?

இந்தக் கேள்வியைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. 1792இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி திப்பு சுல்தானிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்குப் போன சீமை இது. 1866இலேயே நகராட்சி வந்துவிட்டது. 1917 முதல் 1919 வரை அதற்குத் தலைவராக இருந்தவர் ராஜாஜி. 1944 ஆகஸ்டில் நீதிக்கட்சி திராவிடர் கழகம் என்று பெயர் மாறியதும் இந்த ஊரில் கூடிய மாநாட்டில்தான்.

ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மதுரை, தஞ்சாவூர் மாதிரி ஒரு பெரிய கோயிலை நடுவில் வைத்து வளர்ந்த ஊர் அல்ல சேலம். இங்கே பழமை சிதறிக் கிடக்கிறது: ஊருக்குள் கொஞ்சம், மேற்கே தாரமங்கலத்தில் நிறைய, சங்ககிரி மலையில் கொஞ்சம், மேட்டூர் அணைத் தண்ணீருக்கு அடியில் கொஞ்சம். வண்டியை நிறுத்தி ஒரே மூச்சில் பார்த்துவிட்டுக் கிளம்ப நினைப்பவர்களுக்கு இந்த ஊர் ஏமாற்றம்தான் தரும்.

இரண்டு நாளை எப்படிப் பிரித்துக்கொள்வது?

சனிக்கிழமையைச் சமவெளிக்கும் ஞாயிற்றுக்கிழமையை மலைக்கும் கொடுக்க வேண்டும் என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். நான் மாற்றிச் சொல்வேன். ஏற்காட்டில் கூட்டம் மொய்ப்பதே ஞாயிற்றுக்கிழமைதான். ஆகையால் சனிக்கிழமை விடிந்ததும் மலை ஏறி, மாலையில் இறங்கி, இரவு சேலத்தில் தங்குங்கள். ஞாயிறு காலை தாரமங்கலம், மாலை ஊருக்குள் இருக்கும் கோயில்கள்.

திட்டம் போடும்போது மறந்துவிடக் கூடாத விஷயம் நடை சாத்தும் நேரம். இங்கே நீங்கள் பார்க்கப் போகும் பழைய இடங்களில் பெரும்பாலானவை இன்றும் பூசை நடக்கும் கோயில்கள். நண்பகல் 12 மணியை ஒட்டி நடை சாத்திவிட்டால் மாலை 4 மணிக்கு மேல்தான் திறப்பார்கள். காலை 11 மணிக்கு இட்லியை முடித்துக்கொண்டு நிதானமாகக் கிளம்புகிற குடும்பம் பூட்டிய கதவைத்தான் பார்த்துவிட்டுத் திரும்பும்.

எப்படி வருவது? எங்கே தங்குவது?

சென்னையிலிருந்து இரவில் கிளம்பும் ஏற்காடு எக்ஸ்பிரஸ் விடியுமுன் சேலம் ஜங்ஷனில் இறக்கிவிடும். பெயரைப் பார்த்து ரயில் ஏற்காட்டுக்கே போகும் என்று நினைக்க வேண்டாம். மலைக்கு ரயில் கிடையாது. ஜங்ஷன் இருப்பது சூரமங்கலத்தில், புதிய பஸ் நிலையம் மெய்யனூரில், பழைய பஸ் நிலையம் ஊரின் நடுவில் கோட்டைப் பக்கம். எந்த பஸ் நிலையம் என்று கேட்காமல் ஆட்டோவில் ஏறிவிட்டால் காசும் நேரமும் வீண். பஸ்ஸையே நம்பி வருகிறவர்கள் புதிய பஸ் நிலையத்துக்கு அருகில் தங்குவது நல்லது.

"கோட்டை" என்று போர்டு போட்ட பஸ்ஸில் போனோம். கோட்டையைக் காணோமே?

காணாமல்தான் போய்விட்டது. இன்று மிச்சமிருப்பது பகுதியின் பெயரும், அந்தப் பெயரைச் சுமக்கும் கோட்டை மாரியம்மனும், கோட்டை அழகிரிநாதர் பெருமாள் கோயிலும்தான். பக்கத்தில் திருமணிமுத்தாற்றங்கரையில் ஜாமியா மசூதி இருக்கிறது. திப்பு சுல்தான் அங்கே தொழுதிருக்கிறார் என்று ஊரில் சொல்வார்கள். இவை எல்லாம் நடந்து போகும் தூரத்துக்குள் இருப்பதால் ஒரு மாலைப் பொழுது போதும்.

திருமணிமுத்தாறு, ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் பிறந்து, சேலத்தைக் கடந்து, நாமக்கல் மாவட்டத்துக்குள் போய்க் காவிரியில் கலக்கிற ஆறு. கோட்டைப் பாலத்தில் நின்று பார்க்கும்போது அதை ஆறு என்று பிள்ளைகளிடம் சொல்ல எனக்கு வாய் கூசுகிறது. ஒரு நகரம் தன் சாக்கடையை எல்லாம் ஓர் ஆற்றில் திருப்பிவிட்டுவிட்டு, அதே கரையில் பழம்பெருமை பேசிக்கொண்டிருக்கிறது.

சுகவனேசுவரர் கோயில் எவ்வளவு பழையது?

சோழர் காலத்துத் தொடர்புடையது. அருணகிரிநாதர் இந்தத் தலத்து முருகனைத் திருப்புகழில் பாடியிருக்கிறார். கிளி முகம் கொண்ட சுகர் என்ற முனிவர் இங்கே வழிபட்டார் என்பது தலபுராணம். ஔவையார் வளர்த்த பெண்ணின் திருமணத்துக்குச் சேர, சோழ, பாண்டியர் மூவரும் இங்கே வந்தார்கள் என்றும் ஒரு கதை உண்டு. கதையை நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். மூவேந்தரையும் ஒரே பந்தியில் உட்காரவைத்துச் சோறு போட்டதாகச் சொல்லிக்கொள்ளும் துணிச்சல் எங்கள் ஊருக்கு இருக்கிறது.

தலைவெட்டி முனியப்பன் கோயிலில் இருப்பது புத்தரா?

ஆம் என்று 2022 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சேலம் பெரியேரியில் தலைவெட்டி முனியப்பன் என்ற பெயரில் நெடுங்காலமாக வழிபடப்பட்டு வந்த சிலை அது. அது புத்தர் சிலை என்று சொல்லி 2011இல் வழக்குத் தொடர்ந்தார்கள். நீதிமன்றத்தின் ஆணைப்படி தொல்லியல் துறையினர் வந்து, மேலே பூசியிருந்தவற்றை நீக்கிப் பார்த்தார்கள். தாமரைப் பீடத்தில் தியானக் கோலத்தில் அமர்ந்த உருவம், சுருள் முடி, நீண்ட காது மடல். துண்டான தலையைச் சிமெண்ட் வைத்து ஒட்டியிருந்தார்கள். அறிக்கையை ஏற்ற நீதிமன்றம், இடத்தைத் தொல்லியல் துறை தன் வசம் எடுத்துக்கொள்ள வேண்டும் என்றது.

முனியப்பனாக நினைத்துக் கும்பிட்ட குடும்பங்களும் இதே தெருக்களில்தான் இருக்கின்றன. போய்ப் பார்க்கிறவர்கள் அங்கே நின்றுகொண்டு சத்தமாக வாதம் செய்ய வேண்டாம். புத்தர் சிலைகளில் ஆர்வம் இருந்தால், ஆத்தூரைத் தாண்டித் தலைவாசல் பக்கத்தில் தியாகனூர் என்ற கிராமத்துக்குப் போங்கள். அங்கே இரண்டு பெரிய புத்தர் சிலைகள் இருக்கின்றன.

ஒரே ஒரு இடம்தான் பார்க்க முடியும் என்றால் எது?

தாரமங்கலம் கைலாசநாதர் கோயில். இதில் எனக்கு இரண்டாவது எண்ணமே கிடையாது.

சேலத்துக்கு மேற்கே 25 கிலோமீட்டர் அளவில் இருக்கிறது. ஓமலூர் வழியாகவும் போகலாம். சிற்பிகள் வேலைக்கு ஒப்பந்தம் எழுதும்போது ஆவுடையார்கோயில் கொடுங்கை (வளைந்த கல் கூரை விளிம்பு), திருவலஞ்சுழிப் பலகணி (கல் சன்னல்), தாரமங்கலத்துத் தூண் ஆகியவை நீங்கலாக வேறு எதையும் செய்து தருகிறோம் என்று எழுதுவார்களாம். அந்தப் பட்டியலில் இடம்பெற்ற தூண்கள் இவை.

மேற்கு நோக்கிய கோயில் என்பதால் மாலை வெயில் நேராக உள்ளே வரும். மாசி மாதம் 9, 10, 11 தேதிகளில் மாலைச் சூரியனின் கதிர் வாயில்களை எல்லாம் கடந்து கருவறை லிங்கத்தின் மேல் படும். அந்த மூன்று நாளும் நிற்க இடம் இருக்காது. வெயில் விழுவதைப் பார்ப்பதற்கு மாசி, சிற்பத்தைப் பார்ப்பதற்கு மற்ற மாதங்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

உள்ளே போனதும் வழிகாட்டுகிறேன் என்று யாராவது வந்தால், முதலில் யாளியின் வாயைக் காட்டுவார். அதற்குள் ஒரு கல் பந்து இருக்கிறது. விரலை விட்டு உருட்டலாம்; வெளியே எடுக்க முடியாது. யாளியும் பந்தும் ஒரே கல். உளியை வாய்க்குள் விட்டு, பல்லுக்குச் சேதம் வராமல், பந்தைச் சுற்றிலும் குடைந்து விடுவித்திருக்கிறார்கள். கல் சங்கிலிகளும் அப்படித்தான்: வளையத்துக்குள் வளையமாக ஒரே கல்லில் செதுக்கியவை. இந்த வித்தைகளில் மயங்கிவிட்டு, இதுதான் தாரமங்கலம் என்று திரும்பிவிடுகிறவர்களே அதிகம்.

நான் காட்ட விரும்புவது வாலி, சுக்ரீவன் தூண். அண்ணனும் தம்பியும் போரிடுகிறார்கள். வேறொரு தூணில் இராமன் வில்லோடு நிற்கிறான். இராமன் நிற்கும் இடத்தில் நின்று பார்த்தால் வாலி தெரிகிறான். வாலி இருக்கும் இடத்துக்குப் போய்த் திரும்பிப் பார்த்தால் இராமனைக் காணோம். நடுவில் இருக்கும் தூண்கள் மறைத்துவிடுகின்றன. மறைந்து நின்று அம்பு விட்டது தகுமா என்று பட்டிமன்றத்தில் மணிக்கணக்காகப் பேசுகிறார்கள். இங்கே ஒரு சிற்பி அதைத் தூணை எங்கே நிறுத்துவது என்ற கணக்காக மாற்றிவிட்டான். இருவர் போங்கள். ஒருவர் இராமன் பக்கமும் மற்றவர் வாலி பக்கமும் நின்றுகொண்டு, பிறகு இடம் மாறுங்கள். ரதியும் மன்மதனும் இருக்கிறார்கள். அங்கேயும் இதே கண்ணாமூச்சி உண்டு என்று சொல்வார்கள். எனக்கு வாலி போதும்.

அண்ணாந்து மேல்விதானத்தையும் பாருங்கள். கழுத்து வலித்தால் தரையில் படுத்தே பார்க்கலாம். யாரும் ஒன்றும் சொல்வதில்லை. கோயிலை முடித்துக்கொண்டு ஊருக்குள் இருக்கும் எண்கோணத் தெப்பக்குளத்தையும் பார்த்துவிடுங்கள். ஒரு சுவரில் கல்லை எறிந்தால் எட்டுச் சுவரிலும் பட்டு எறிந்த இடத்துக்கே திரும்பி வரும் என்பது ஊர்ப் பேச்சு. தயவுசெய்து எறிந்து பார்க்காதீர்கள்.

இதைக் கட்டியது சோழர்களா?

இல்லை. இன்று நாம் பார்க்கும் வேலையில் பெரும்பகுதி கெட்டி முதலிகள் செய்தது. 16, 17ஆம் நூற்றாண்டுகளில் தாரமங்கலத்தையும் அருகில் உள்ள அமரகுந்தியையும் மையமாக வைத்து இந்தப் பகுதியை ஆண்ட குறுநில மன்னர்கள் அவர்கள். பாடப்புத்தகத்தில் அவர்களுக்கு ஒரு பத்திகூட இல்லை. பெரிய அரசர்களுக்கு மட்டும்தான் பெரிய கலை வரும் என்று நம்புகிறவர்களைத் தாரமங்கலத்துக்கு அனுப்பி வைக்க வேண்டும்.

சங்ககிரிக் கோட்டையில் ஏற முடியுமா? அம்மாவுக்கு முழங்கால் வலி.

அம்மாவை அழைத்துப் போகாதீர்கள். அடிவாரத்துக் கோயிலிலேயே உட்காரவைப்பதென்றாலும், நீங்கள் இறங்கி வருவதற்குள் அவர் பொறுமை இழந்துவிடுவார்.

ஏற முடிந்தவர்களுக்கு இது நல்ல இடம். ஓமலூரிலிருந்து தாரமங்கலம் வழியாக வரும் சாலை சங்ககிரிக்கே போகிறது. விஜயநகர காலத்தில் தொடங்கிப் பலரும் மதில் மேல் மதிலாக எழுப்பிய மலைக்கோட்டை. ஒரு வாயிலைக் கடந்தால் அடுத்தது, அதைக் கடந்தால் இன்னொன்று என்று மேலே போய்க்கொண்டே இருக்கும். பாறையிலிருந்து கிளம்பும் வெக்கை பகல் 10 மணிக்கு மேல் தாங்காது, விடியற்காலையில் ஏறிவிடுங்கள். தண்ணீர் கையோடு வேண்டும். தனியாகப் போகாதீர்கள்.

தீரன் சின்னமலையை 1805 ஜூலை 31 அன்று கம்பெனிப் படையினர் தூக்கிலிட்டது இந்தக் கோட்டையில்தான். ஆடி 18 அன்று நினைவு நாள் கொண்டாடுகிறார்கள். அன்றைக்கு அடிவாரம் முழுக்கக் கட்சிக் கொடிகள்தான். கோட்டையை நிதானமாகப் பார்க்க ஏற்ற நாள் அது அல்ல.

ஏற்காட்டில் படகு விடுவதைத் தவிரப் பழமையாக எதுவும் இல்லையா?

போகும் வழியிலேயே தொடங்கிவிடுகிறது. ஏற்காடு சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸ் என்ற பழைய சினிமா ஸ்டுடியோவின் நுழைவு வளைவு மட்டும் நின்றுகொண்டிருக்கிறது. டி.ஆர்.சுந்தரம் தொடங்கிய இந்த நிறுவனத்திலிருந்துதான் 1956இல் தமிழின் முதல் முழுநீள வண்ணப் படம் வந்தது. வளைவின் முன் நின்று படம் எடுத்துக்கொள்ள இரண்டு நிமிடம் போதும்.

பிறகு 20 கொண்டை ஊசி வளைவுகள். மேலே காபித் தோட்டங்கள். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காபியைக் கொண்டுவந்து பயிரிட்டார். அவருடைய கிரேஞ்ச் தோட்டத்தின் பெயர் இன்றும் புழங்குகிறது. ஏற்காட்டின் வரலாறே வெள்ளைக்காரர்களிடமிருந்துதான் தொடங்குகிறது என்பது போல விடுதிக்காரர்கள் பேசுவது எனக்கு எரிச்சல் மூட்டும். இந்த மலை ஊர்களில் புதிய கற்காலத்து மெருகேற்றிய கல் கோடரிகள் கிடைத்திருக்கின்றன. மலையாளி என்று அழைக்கப்படும் மலைவாழ் மக்கள் காபிக்கு எவ்வளவோ முன்பே இங்கே வாழ்ந்தவர்கள். காஞ்சிபுரத்திலிருந்து மூன்று அண்ணன் தம்பிகள் கிளம்பியதாகவும், மூத்தவர் சேர்வராயன் மலைக்கும், நடுவர் பச்சைமலைக்கும், இளையவர் கொல்லிமலைக்கும் போனதாகவும் அவர்கள் கதை சொல்கிறது.

அதனால் படகுத் துறையில் வரிசையில் நிற்கும் நேரத்தைச் சேர்வராயன் கோயிலுக்குக் கொடுங்கள். மலையின் உச்சியில், கடல் மட்டத்திலிருந்து 5,300 அடிக்கு மேல், ஒரு குகைக்குள் சேர்வராயனும் காவேரியம்மனும் இருக்கிறார்கள். குனிந்துதான் போக வேண்டும். உள்ளே ஈரமும் விபூதி வாசனையும் ஒன்றாகக் கலந்து வரும். அந்தக் குகை காவிரி வரைக்கும் போகிறது என்கிறார்கள். வெளியே வந்தால் காற்று ஆளைத் தள்ளும்.

மே மாதக் கோடை விழாவின்போது சேலம் அடிவாரம் வழியாக ஏறி, குப்பனூர் வழியாக இறங்கும்படி ஒருவழிப் பாதை ஆக்குவார்கள். விழா நாட்களை விட்டுவிட்டு வருவதே உத்தமம்.

மேட்டூர் அணைக்குள் நந்தி இருக்கிறது என்கிறார்களே, பார்க்க முடியுமா?

அணையில் தண்ணீர் வற்றினால்தான். 1925இல் தொடங்கி 1934இல் முடிந்த அணை. முழு நீர்மட்டம் 120 அடி. நீர்த்தேக்கத்துக்குள் போன ஊர்களில் இருந்த ஜலகண்டேசுவரர் கோயிலின் நந்தியும், ஒரு கிறித்தவ தேவாலயத்தின் கோபுரமும் நீர்மட்டம் வெகுவாக இறங்கும் காலங்களில் பண்ணவாடிப் பரிசல் துறைப் பக்கம் தலைகாட்டும். அந்தப் படம் செய்தித்தாளில் வரும்போது டெல்டா விவசாயிகளுக்கு வயிற்றில் புளி கரைக்கும். ஆகவே நந்தி தெரியவில்லை என்று யாரும் வருத்தப்பட வேண்டாம்.

நாமக்கல்லையும் ஆறகளூரையும் இதோடு சேர்த்துக்கொள்ளலாமா?

நாமக்கல்லை வேண்டுமானால் சேர்க்கலாம், ஏற்காட்டை விட்டுவிட்டால். ஒரே பாறையின் இரண்டு பக்கத்திலும் நரசிம்மருக்கும் அரங்கநாதருக்கும் 8ஆம் நூற்றாண்டில் அதியர் மரபினர் குடைந்த குகைக் கோயில்கள்; எதிரே கூரை இல்லாமல் 18 அடி உயர ஆஞ்சநேயர்; பாறையின் தலையில் கோட்டை. ஆறகளூர் இருப்பது வேறு திசையில், கிழக்கே தலைவாசல் பக்கம். 12, 13ஆம் நூற்றாண்டுகளில் வாணகோவரையர்கள் என்ற குறுநில மன்னர்கள் ஆண்ட ஊர். காமநாதீசுவரர் கோயிலில் எட்டு பைரவர்கள் உண்டு. தேய்பிறை அஷ்டமி இரவில் கூட்டம் அலைமோதும். அதற்குத் தனியாக இன்னொரு பயணம் போடுங்கள்.

அருங்காட்சியகம்?

அரசு அருங்காட்சியகம் ஒன்று இருக்கிறது. வெள்ளிக்கிழமையோடு இரண்டாவது சனிக்கிழமையும் விடுமுறை, தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். நடை சாத்திய மதிய நேரத்தை அங்கே கழிக்கலாம்.

சாப்பிட என்ன இருக்கிறது?

மாலையில் தட்டுவடை செட். சேலத்துக்கு வந்துவிட்டு இதைச் சாப்பிடாமல் போனவர்களை நான் கணக்கில் சேர்ப்பதில்லை. சின்னத் தட்டுவடை ஒன்றை வைத்து, காரச் சட்னியும் பச்சைச் சட்னியும் தடவி, துருவிய பீட்ரூட், கேரட், வெங்காயம் போட்டு, இன்னொரு தட்டுவடையால் மூடித் தருவார்கள். அப்படியே முழுசாக வாய்க்குள் போட வேண்டும். கடித்துச் சாப்பிட முயன்றால் பாதி சட்டையில்தான். தள்ளுவண்டியில் சாப்பிடுவதே ருசி. மேசை நாற்காலி போட்ட கடைகளில் அந்த மொறுமொறுப்பு வருவதில்லை. ஏப்ரல் முதல் ஜூன் வரை வந்தால் மாம்பழம். மல்கோவா கிடைத்தால் விலை பேசிக்கொண்டு நிற்காமல் வாங்கிவிடுங்கள்.

ஆடி மாதத்தில் வரலாமா?

கூட்டம் பிடிக்கும் என்றால் கட்டாயம் வாருங்கள். கோட்டை மாரியம்மனுக்குப் பூச்சாட்டியதும் ஊரே திருவிழாக் கோலம் பூண்டுவிடும். குகைப் பகுதியில் நடக்கும் வண்டி வேடிக்கையைப் பாருங்கள்: அலங்கரித்த வண்டிகளில் சாமி வேடம் போட்டவர்கள் அசையாமல் உட்கார்ந்து வருவார்கள். ஆனால் அந்த வாரத்தில் நிதானமாகச் சிற்பம் பார்க்கும் எண்ணத்தை மூட்டை கட்டி வைத்துவிட வேண்டும். தங்க அறை கிடைப்பதும் கடினம்.

ஊருக்கு என்ன வாங்கிப் போகலாம்?

வெள்ளிக் கொலுசு. செவ்வாய்ப்பேட்டை, குகைப் பக்கங்களில் வீட்டுக்கு வீடு கொலுசு வேலை நடக்கிறது. எடை போடும்போது திருகும் மணிகளும் சேர்த்தா என்று கேட்டுக்கொள்ளுங்கள்; செய்கூலி தனியா என்றும் கேளுங்கள். வேட்டி கட்டுகிறவர்களுக்குச் சேலம் வெண்பட்டு. சமையலறைக்கு ஜவ்வரிசி, 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய சரக்கு. பாயசத்துக்கு வாங்குகிறீர்களா, வடகத்துக்கு வாங்குகிறீர்களா என்று கடைக்காரரிடம் சொல்லிவிடுங்கள், அதற்கு ஏற்ற ரகத்தைத் தருவார்.